பணியாளர் எண்ணிக்கை: ஒன்று

கோரிமேடு தாண்டியதும் ஒரு பலகை
நன்றி சொல்லி அனுப்பி வைக்கும்.
பட்டானூர் கடந்து பஸ் கொஞ்சம் ஓடியதும்
அதே அரசு, வேறு பெயின்ட்டில்,
வருக வருக என்கும்.
ஒரே டிக்கெட்டில் வெளிமாநிலம் போய்ச்
சொந்த மாநிலம் திரும்பிவிடலாம்.
சிந்திய பருக்கை போல எங்கள் பிரதேசம்;
யாரும் பொறுக்கிச் சேர்க்கவில்லை,
துடைத்துப் போடவும் இல்லை.

நான் புள்ளியியல் துறை.
பையில் முப்பத்தெட்டுப் படிவம், ஸ்டாம்ப் பேடு,
மோர்மிளகாய் வைத்த டிபன் பாக்ஸ்.
சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையை
வருஷத்துக்கு ஒருமுறை எண்ணுவது வேலை.
பத்தரை மணிக்குள் ஒன்பது யூனிட் முடித்துவிட்டேன்.
பூட்டிடம் கேட்க அதிகக் கேள்வி இல்லை.

நாற்பத்தோராம் ஷெட்டில் மட்டும் ஆள் இருந்தார்.
பிளாஸ்டிக் வாளி செய்த கம்பெனி.
வரிச்சலுகை இருந்த வரைக்கும் மூன்று ஷிப்ட்.
சலுகை முடிந்த மார்ச் முப்பத்தொன்று
விடிவதற்குள் அச்சுகளை லாரியில் ஏற்றிவிட்டார்களாம்.
"மலைப்பக்கம் எங்கியோ புதுசா சலுகை விட்டிருக்காங்க மேடம்,
அங்க போயிட்டாங்க."
வாட்ச்மேன் பெயர் தெய்வசிகாமணி.
சம்பளம்?
"பேங்க் தருது. ஜப்தி பண்ணது
காணாமப் போவக் கூடாதில்ல."

படிவம் கேட்டதை நான் கேட்டேன்.
பணியாளர் எண்ணிக்கை?
"நான்தான்."
அதில் பெண்கள்?
"வீட்டுக்காரி மத்தியானம் சோறு எடுத்தாரும்.
எழுதிக்கலாமா?"
வேண்டாம் என்றேன்.
மூலப்பொருள்?
"போர்த் தண்ணி."
உற்பத்தி?

எழுந்து பின்பக்கம் கூட்டிப்போனார்.
சிவப்பும் நீலமுமாய் வாளிகள் அடுக்கிய தளத்தின்
விளிம்பு நெடுக முருங்கை.
பதினாறு மரம்.
திண்டிவனத்து வியாபாரி டெம்போவில் வந்து
எடைபோட்டு எடுத்துப் போகிறாராம்.
"போன வருஷம் எழுநூத்தி இருவது கிலோ.
எல்லை தாண்டுது பாருங்க,
ஏற்றுமதின்னே போடுங்க."
சிரித்தார். நானும்.
எழுதிக்கொண்டேன், கிலோ வாரியாக.

கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.
வாளிக்கு உரிய குறியீட்டில்
முருங்கைக்காய் இறங்காதாம்.
இணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்:
"மூடியதுன்னு போடும்மா.
இப்படியே போனா டெல்லியில சிரிப்பாங்க."
அவர் பின்னால் சுவரில் வரவுக் கணக்கின் வட்டம்.
ஒரு துண்டு டெல்லி, ஒரு துண்டு சாராயம்;
மிச்சமெல்லாம் சேர்ந்து
வடையில் விழுந்த ஓட்டை அளவு.

மூடியது என்று போட்டேன்.
பணியாளர்: பூஜ்யம்.

என் வீட்டுக்காரர் கூட்டுறவு நூற்பாலை.
முப்பத்தொரு மாதமாய்ச் சம்பளம் இல்லை;
தினமும் சவரம் செய்து, சட்டை தேய்த்து,
போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறார்.
அந்த ஆலை என் பதிவேட்டில்
இயங்குகிறது.
மகன் ஒரகடத்தில்.
ஞாயிறு மீன் குழம்புக்கு வந்துவிட்டு
நள்ளிரவு பஸ்ஸில் போய்விடுவான்.
"எங்க லைன்ல பாதி நம்ம ஊருப் பசங்கதாம்மா" என்கிறான்.
அவன் பூட்டும் கார்க் கதவை
நான் எண்ண முடியாது.
அந்த நேரத்தில் பெங்களூர் வண்டிகள்
கடற்கரைச் சாலையில் வரிசை கட்டி வெளியேறும்,
டிக்கியில் பாட்டில்கள் உருள.
வளர்ச்சி என்று அறிக்கையில் வருவதில்
பாதி அந்தச் சத்தம்.

ஆடி பிறந்து இரண்டாம் நாள்
தெய்வசிகாமணி போன் செய்தார்.
ஏலத்துக்கு ஆள் வந்ததாம்.
கூரைத் தகடு, மோட்டார் மேடை, காம்பவுண்டு,
டாய்லெட் கதவு வரைக்கும் எழுதிப் போனார்களாம்.
"மரத்தை மட்டும் எண்ணல மேடம்.
நான் வெச்சதுன்னு சொன்னா
பேப்பர் இருக்கான்றாங்க.
அன்னிக்கி நீங்க எழுதினீங்களே,
எழுநூத்தி இருவது,
அதுல ஒரு நகல் கெடைக்குமா?"

இருங்கள் என்று சொல்லிவிட்டுப்
பையைத் துழாவினேன்.
ஸ்டாம்ப் பேடு.
போன மாதத்து மோர்மிளகாய் வாசம்.
அவர் லைனிலேயே இருந்தார்;
பின்னால் டெம்போ ஒன்று
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.